புல்லட்: தனி வண்டியா, சைட்கார் கட்டியதா?

சைட்கார் என்பது புல்லட்டின் பக்கத்தில் மாட்டுகிற ஒற்றைச் சக்கர இணைப்பு, அதில் ஆள் உட்காருகிற பகுதிதான் தொட்டி. சைட்கார் வாங்கப் போகிறவர் கண் முதலில் தொட்டிமேல்தான் விழும். பெயின்ட், சீட்டு, முன்கண்ணாடி, மழைக்கு இழுத்து மூடும் படுதா. அதையெல்லாம் வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். குனிந்து, வண்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் போகும் நான்கு ஸ்டேக்களை, அதாவது இரண்டையும் சேர்க்கிற இணைப்புகளைப் பாருங்கள். கீழே இரண்டு கிளாம்ப், மேலே நீளம் கூட்டிக் குறைக்கிற மரையோடு இரண்டு ராடு. கிளாம்ப் பிடித்த இடத்தில் பெயின்ட் உரிந்து துருப்பொடி கசிந்திருந்தால் அந்த போல்ட் நாள்கணக்கில் ஆடியிருக்கிறது என்று அர்த்தம். மரையைச் சுற்றி வெல்டு வைத்து மூடியிருந்தால் இன்னும் மோசம். செட்டிங், அதாவது வண்டியும் தொட்டியும் நிற்க வேண்டிய அளவும் கோணமும், பிடிக்கத் தெரியாத யாரோ கிடைத்த நிலையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

என் ஓட்டு சைட்காருக்குத்தான். ஆனால் வீட்டில் இருப்பதே ஒரு வண்டிதான் என்றால் அது தனி வண்டியாகவே இருக்கட்டும். இரண்டு வைத்துக்கொள்ள இடமும் வசதியும் உள்ளவர்களுக்கு எழுதுவது இது.

தெரிந்த கணக்குகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 350 புல்லட் தனியாக லிட்டருக்கு 35 கிலோமீட்டர் பக்கம் கொடுத்தால், சைட்காரோடு 22 முதல் 25 வரை. நிம்மதியாகப் போகும் வேகம் 50, மிஞ்சினால் 60. அகலம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும், சிக்னலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நுழைகிற சுகம் போச்சு. ரிவர்ஸ் கிடையாது, கால் டன் கனத்தை இறங்கித்தான் தள்ள வேண்டும். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? வயதான அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, முதுகு சாய்த்து உட்காரலாம். சிலிண்டர், நாய், வாழைத்தார் எல்லாம் ஏறும். சேற்றிலும் மணலிலும் கால் ஊன்ற வேண்டாம்.

இனி ஓட்டுவது. இரண்டும் ஒரே ஹேண்டில்பார், ஒரே கிளட்ச், ஒரே கியர். ஆனால் இரண்டும் ஒரே வண்டி இல்லை. தனி வண்டியில் வலப்பக்கம் திரும்ப, நம்மை அறியாமல் வலது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம். வண்டி வலப்பக்கம் சாய்கிறது, சாய்ந்ததால் திரும்புகிறது. சைட்கார் சாயாது. வலது கைப்பிடியைத் தள்ளினால் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே, அதாவது இடப்பக்கமே போகும். புதிதாகச் சைட்கார் எடுத்தவர்கள் முதல் வளைவிலேயே எதிர்ப்பக்க வேலியில் போய் நிற்பது இதனால்தான். இருபது வருஷம் புல்லட் ஓட்டியவருக்கு இந்த ஆபத்து அதிகம், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவருக்குக் குறைவு. இரண்டையும் வைத்திருப்பவர் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும்போது முதல் ஒரு கிலோமீட்டரை 20 வேகத்தில் போவது நல்லது. மூளைக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரிய நேரமாகும்.

நம் ஊரில் தொட்டி இடப்பக்கம். அதனால் ஆக்ஸிலரேட்டர் திருகினால் தொட்டி பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் அடித்தால் தொட்டி நிற்க மனமில்லாமல் முன்னே ஓடும், வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ். ஆகவே மூன்றாவது சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். அது பின் பிரேக்கோடு சேர்ந்து, ஆனால் ஒரு நூல் தாமதமாகப் பிடிக்கும்படி ஷூவைத் தளர்த்தி வையுங்கள். முந்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் சுழலும்.

இடது வளைவில் தொட்டி உள்பக்கம். காலியாக இருந்து வேகமும் கூடினால் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ஹேண்டிலை நேராக்கினால் இறங்கிவிடும், ஆனால் நேராக்கினால் வண்டி நடுக்கோட்டைத் தாண்டிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பைத் தொட்டிப் பக்கம் சாய்ப்பது ஒன்றுதான் வழி. முதல் மாதம் தொட்டியில் 30, 40 கிலோ மணல்மூட்டை இருக்கட்டும். தாழ்வாக, சக்கரத்தை ஒட்டி, கயிறு போட்டுக் கட்டி. அந்த இடத்தில் குழந்தையை உட்கார வைத்துப் பழகக் கூடாது. வலது வளைவு இதைவிடச் சாது, தொட்டி வெளியே முட்டுக்கொடுக்கும். ஆனால் எல்லை மீறினால் எச்சரிக்கையே இராது. பின்சக்கரம் லேசாகி, தொட்டியின் மூக்கு குத்தி, மொத்தமும் அதன்மேல் கவிழும்.

பிரேக்கின் குணத்தையும் இடது வளைவின் குணத்தையும் கூட்டிப் பார்த்தால் மலையில் எது மோசமான இடம் என்று தெரியும். இறக்கத்தில் வருகிற இடது கொண்டை ஊசி. பிரேக் மூக்கை வலப்பக்கம் தள்ளுகிறது, வளைவு தொட்டியைத் தூக்குகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே முதல் கியர், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இன்ஜின் பிடிப்பிலேயே வர வேண்டும்.

கவனிக்காமல் விடுகிற இன்னொன்று தார் ரோட்டின் ஓரம். எதிரே லாரி வந்தால் தனி வண்டி ஒதுங்கிக்கொள்ளும். சைட்காரில் நீங்கள் ரோட்டில் இருப்பீர்கள், மூன்றாவது சக்கரம் அரையடி பள்ளத்தில் இறங்கியிருக்கும். குழிக்கு வண்டியை ஒதுக்கினாலும் அதே கதை, நீங்கள் தப்பிய குழியில் தொட்டி விழும்.

இவ்வளவையும் பழகிக்கொள்ளலாம். பழக்கத்தால் சரிசெய்ய முடியாதது செட்டிங். சைட்கார் பிடித்தவர்களும் வெறுத்து விற்றவர்களும் பிரிகிற இடம் அதுதான். தோள்பட்டை வலிக்கிறது, டயர் நிற்கவில்லை, 30 வேகத்தில் ஹேண்டில் உதறுகிறது என்று வருகிற புகாரில் பெரும்பாலானவை செட்டிங் பிசகுதான்.

அளப்பதற்கு விலை கூடிய சாமான் வேண்டாம். நேரான எட்டடி பாக்ஸ் பைப் இரண்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு, டேப். டயர் மூன்றிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். தொட்டியில் வழக்கமாக ஏற்றும் கனத்தை வைத்துவிடுங்கள். தரை மட்டமாக இருக்கட்டும், சிமென்ட் தரை நல்லது.

முதலில் பின்சக்கர அச்சுக்குச் சைட்கார் அச்சு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். புல்லட்டுக்கு 150 முதல் 250 மி.மீ. வரை சரி. கூடினால் ஹேண்டில் கனக்கும், டயர் உராயும். குறைந்தால் வலது வளைவில் கவிழும் குணம் கூடும்.

அடுத்து முன்குவிவு, அதாவது சைட்கார் சக்கரம் முன்பக்கம் வண்டியை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருப்பது. ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு பைப்பை வண்டியின் இரண்டு டயருக்கும் பக்கவாட்டில் அணையுங்கள். பழைய புல்லட்டில் முன் டயர் 3.25 அங்குலம், பின் டயர் 3.50 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பின் டயரை இரண்டு இடத்தில் தொடும் பைப், முன் டயரில் 3 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும். அந்த 3 மி.மீ.யை மறந்து முன் டயரையும் சேர்த்து அழுத்திவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும், அதிகம் நடக்கும் தவறு இது. இன்னொரு பைப்பைச் சைட்கார் டயரின் வெளிப்பக்கம் அணைத்து, இரண்டு பைப்புக்கும் நடுவிலுள்ள தூரத்தை முன் டயருக்கு முன்னால் ஒருமுறை, பின் டயருக்குப் பின்னால் ஒருமுறை அளக்க வேண்டும். முன்னளவு 15 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்கட்டும். தேவைக்கு மேல் குவித்தால் சைட்கார் டயரின் பட்டன்கள் ஒரு பக்கம் கூர்மையாகத் தேயும், உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் ரம்பம்போல் பிடிக்கும்.

பிறகு சாய்வு. வண்டி தொட்டியைவிட்டு விலகி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று முதல் ஒன்றரை டிகிரி. வலப்பக்கம் தூக்குக்குண்டு கட்டி, பின் ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து அளங்கள். 19 அங்குல ரிம்மில் மேல் விளிம்பு நூலுக்கு 8 முதல் 12 மி.மீ. நெருக்கமாக இருந்தால் போதும். நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை, நேராக நிறுத்தின வண்டி ஓட்டத்தில் இடப்பக்கமே இழுக்கும். இந்தச் சாய்வு அதற்கு மாற்று.

மட்டமான ரோட்டில் 40 வேகத்தில் ஹேண்டிலை லேசாகப் பிடித்துப் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் மேல் ராடுகளில் அரைச்சுற்று கொடுத்துச் சாய்வைக் கூட்டுங்கள், வலப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குவிவையும் சாய்வையும் சேர்த்துத் திருகிவிட்டு எது வேலை செய்தது என்று தேடாதீர்கள். 100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கி, 500-ல் மறுபடி அளந்து, பிறகு ஆயிரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உதறல் மட்டும் தனியாக இருந்தால் முதலில் கோன் செட்டையும் (ஹேண்டில் சுழலுகிற பேரிங்) முன் டயர் காற்றையும் பாருங்கள், அதற்கப்புறம் ஹேண்டில் ஆட்டத்தைத் தணிக்கிற ஸ்டீயரிங் டேம்பர். டேம்பரை இறுக்கி உதறலை அமுக்குவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி.

செட்டிங்கைத் தெரியாமல் கெடுக்கிற வேலை ஒன்று உண்டு, செயின் இறுக்குவது. புல்லட்டில் அச்சின் இரு பக்கமும் நத்தை வடிவில் வெட்டுப் போட்ட தகடு இருக்கும். இடதும் வலதும் ஒரே வெட்டில் உட்கார வேண்டும். தனி வண்டியில் ஒரு வெட்டு மாறினால் பலருக்குத் தெரியவே தெரியாது. சைட்காரில் பின்சக்கரம் கோணி, நீங்கள் அரைநாள் செலவழித்துப் பிடித்த குவிவு போய்விடும். இதில் கொடுமை, செயினும் இடப்பக்கம், தொட்டியும் இடப்பக்கம். கை நுழைவதே கஷ்டம். மெக்கானிக் வலப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார், பக்கத்தில் நின்று எண்ணச் சொல்லுங்கள்.

தேய்மானம் இங்கே வேறு மாதிரி. தனி வண்டி சாய்ந்து திரும்புவதால் சக்கரத்துக்குப் பக்கவாட்டு விசை அதிகம் வராது. சைட்காரில் ஒவ்வொரு வளைவும் ரிம்மைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும். ஸ்போக் தளரும், கவனிக்காமல் விட்டால் ஒன்று அறுந்து பக்கத்தில் உள்ளவற்றையும் அறுக்கும். மாதம் ஒருமுறை ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்று செத்த சத்தம் கொடுக்கும். பின் டயர் நடுவில் தட்டையாகி, பாதி ஆயுளில் போய்விடும். மேட்டில் புறப்படுகிற ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பிளேட்டுக்குச் செலவு. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் குறைத்துப் போட்டால் கிளட்ச் பிழைக்கும், மேல்வேகம் போகும். அந்த மேல்வேகம் சைட்காருக்குத் தேவையில்லாதது.

அப்படியானால், தேவைப்படும்போது மாட்டி, மற்ற நாளில் கழற்றி வைக்கலாமே? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(27) மோட்டார் சைக்கிள் என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே, கழற்றக்கூடிய சைட்காரையும் அதற்குள் சேர்த்துக்கொள்கிறது. அதனால் லைசென்ஸ் வகை மாறாது. ஆனால் கழற்றி மாட்டுவது சட்டத்தில் எளிது, ஷெட்டில் அரைநாள். கிளாம்ப் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு இடத்தில் உட்காரும், பைப்பும் தூக்குக்குண்டும் மறுபடி வர வேண்டும். வட்டமாக இருக்க வேண்டிய டயர் தட்டையாகத் தேய்ந்திருக்கும், அதோடு தனியாக ஓட்டினால் வளைவில் சாய மறுக்கும். பல் குறைத்த ஸ்பிராக்கெட்டில் 60-லேயே இன்ஜின் அலறும். சைட்காருக்கென்று ஒரு வண்டியை ஒதுக்கி, கழற்றாமல் விடுவதுதான் சரி. பிரிவு 52-இன்படி மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விற்கும்போது முதல் கேள்வியே அதுதான் வரும். ஆர்சியில் ஏறாத சைட்காருக்கு இரும்பு விலைதான்.

எந்த வண்டிக்குக் கட்டலாம் என்றால் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு. சைலன்சர், கிக்கர், கியர் எல்லாம் வலப்பக்கம், இடப்பக்கம் தொட்டிக்குக் காலியாக இருக்கிறது. பின் பிரேக் பெடல் மட்டும் இடப்பக்கம், அதிலிருந்தே சைட்கார் பிரேக்குக்கு ராடு இழுத்துவிடலாம். ஒரே குறை அந்த 6 அங்குலப் பின் டிரம். தனி வண்டிக்கே சுமார், எனவே லைனிங்கைத் தேயவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வேண்டாம். 2023-ல் வந்த ஜே இன்ஜின் புல்லட் தனி வண்டியாக இதைவிட எல்லா விதத்திலும் மேல், வீட்டில் இரண்டாவது வண்டியாக நிற்க வேண்டியது அதுதான். அதற்கே சைட்கார் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கிற அமைப்பு) கட்டாயம், அதன் சென்சார் சக்கரத்தின் சுழற்சியை வைத்துக் கணக்குப் போடுகிறது. மூன்றாவது சக்கரத்தில் சென்சார் இல்லை, அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தாலும் ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதோடு பின்னால் டிஸ்க் உள்ள வண்டியில் பின் பிரேக் ஹைட்ராலிக் லைனில் கிளை பிரித்து மூன்றாவது சக்கரத்துக்குக் கொண்டுபோனால் ஏபிஎஸ் யூனிட் எதிர்பார்க்கிற எண்ணெய் அளவே மாறிவிடும்.