தேருக்கு முன்னாடி போடற மாத்திரையா, மாலா-என் அட்டைய சேத்துப் போடறதா?

ஆடி பொறந்துட்டா போதும், மஞ்சக்குப்பம் மெடிக்கல்லயும் பாண்டி நேரு வீதி மெடிக்கல்லயும் கூட்டம் கொறையட்டும்னு ஓரமா நின்னு பொண்ணுங்க மெதுவா கேக்கறது ஒண்ணுதான், "அண்ணா, பீரியட்ஸ் தள்ளிப்போற மாத்திரை இருக்கா?" வீராம்பட்டினம் தேரு, இல்ல ஆவணி பொறந்ததும் திருவந்திபுரத்துல தங்கச்சி கல்யாணம். அதுக்கு எடுத்துக் குடுக்கறது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. டாக்டர் வழக்கமா எழுதறது நாளைக்கு மூணு வேளை, பீரியட்ஸ் வர்ற தேதிக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும், நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வந்துடும்.

ஒரே ஒரு விசேஷம்னா இது போதும். ஆனா இப்படிப் போடறப்ப இத கர்ப்பத்தடை மாத்திரையா நம்பக் கூடாது, இது நெறைய பேருக்குத் தெரியறதே இல்ல. அப்புறம் இந்த டோஸ்ல அந்த மருந்துல கொஞ்சம் உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறுது, அதனால ரத்தக்கட்டு வந்தவங்க, குடும்பத்துல வந்தவங்க இருக்கறவங்க எல்லாம் "சும்மா அஞ்சு நாள்தான"னு சீட்டு இல்லாம வாங்கிப் போடறது தப்பு. வருஷத்துக்கு நாலு விசேஷம், நாலு தடவையும் இதேன்னா டாக்டர்கிட்ட வேற வழி கேக்கறதுதான் சரி.

அந்த வேற வழிதான் கர்ப்பத்தடை மாத்திரை அட்டைய சேத்துப் போடறது. அமெரிக்காவுல 2003ல சீசனேல்னு ஒரு அட்டைக்கு அனுமதி குடுத்தாங்க, 84 நாள் மருந்து, 7 நாள் வெறும் மாத்திரை, வருஷத்துக்கு நாலே தடவைதான் வரும். அத தேடி அலைய வேணாம், அதுல இருக்கற ரெண்டு ஹார்மோன், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மி.கி. அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம குடுக்கற மாலா-என்லயும் இருக்கு, கடையில விக்கற ஓவ்ரல்-எல்லயும் இருக்கு. மாலா-என் அட்டைய திருப்பிப் பாத்தா 21 ஹார்மோன் மாத்திரை, கடைசி வரிசையில வேற கலர்ல 7 இரும்புச்சத்து மாத்திரை. சேத்துப் போடறதுன்னா அந்த ஏழையும் விட்டுட்டு மறுநாளே அடுத்த அட்டையோட முதல் மாத்திரை, இப்படி மூணு நாலு அட்டை, அப்புறம் ஒரு இடைவெளி.

"மாசாமாசம் வரலன்னா கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்"னு ஆயா சொல்லும். மாத்திரை போடறப்ப கர்ப்பப்பை உள்சவ்வு தடிமனாவே வளராது, தங்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்த ஏழு நாள்ல வர்றது மாத்திரைய நிறுத்தினதால வர்றதுதான். நெஜமா பயப்பட வேண்டியது இடைவெளி இல்லாம போறதுக்கு இல்ல, இடைவெளி நீண்டு போறதுக்கு: ஏழு நாளத் தாண்டினா கருமுட்டை முழிச்சுக்கும், அடுத்த அட்டை வாங்க லேட்டாகி எட்டு ஒம்பது நாளாச்சுன்னா அங்கதான் மாட்டிக்கறது.

சேத்துப் போடறதுல பெரிய தொல்லை ரத்தம் திட்டுத்திட்டா படறது. முதல் சில மாசம் எப்ப வரும்னே தெரியாது, வெள்ளப் பொடவ கட்டவே யோசிக்கணும், போகப்போக கொறையும். 21 நாளாவது விடாம போட்டிருந்து தொடர்ந்து பட்டுட்டே இருந்தா டாக்டர்ட்ட கேட்டு மூணு நாலு நாள் விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வழக்கமான 21-7ல இந்தத் தொல்லை கம்மி, மாசாமாசம் வந்தாதான் நிம்மதின்னு நெனைக்கறவங்களுக்கு அதுவே சரி, ஆனா அந்த ஏழு நாள்ல தலைவலியும் வயித்துவலியும் படுத்தறவங்க, ரத்தசோகை இருக்கறவங்க சேத்துப் போட்டா வித்தியாசம் தெரியும். எதுவா இருந்தாலும் ரெண்டு மாத்திரையோ அதுக்கு மேலயோ மறந்தா ஏழு நாள் விடாம போடற வரைக்கும் ஆணுறை கண்டிப்பா.

ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற அந்தரா ஊசியும் இந்தப் போட்டியிலயே இல்ல. ரெண்டும் நல்ல கர்ப்பத்தடைதான், ஆனா தேதிய நாம முடிவு பண்ண முடியாது.

ரத்தக்கட்டு கணக்க சொல்லிடறேன். மாத்திரை போடாத 10,000 பொண்ணுங்கள்ல வருஷத்துக்கு 2 பேருக்கு வரும்னா, லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையில 5ல இருந்து 7, விலை ஜாஸ்தியான டிரோஸ்பைரினோன் வகையில 9ல இருந்து 12. விலை ஜாஸ்தின்னா பாதுகாப்பும் ஜாஸ்தின்னு இல்ல, என் ஓட்டு மாலா-என் மருந்துக்குத்தான். பிபி இருந்தா, கண்ணு முன்னாடி மின்னி வர்ற ஒத்தத் தலைவலி இருந்தா, 35 தாண்டி சிகரெட் பழக்கம் இருந்தா, கொழந்தைக்கு ஆறு மாசத்துக்குள்ள பால் குடுத்துட்டிருந்தா இது வேணாம். டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் சாப்பிட்டா இந்த மாத்திரை வேலையே செய்யாம போகலாம். கடலூர் ஜி.எச்.லயோ எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரியிலயோ பிபி பாத்துட்டு ஆரம்பிங்க. ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சா, நெஞ்சு வலிச்சா, மூச்சு வாங்கினா, பார்வை மங்கினா அடுத்த மாத்திரைய போடாம அன்னிக்கே கேஷுவால்ட்டி, போறப்ப அட்டைய கையோட எடுத்துட்டுப் போய் மாமியார் பக்கத்துல நின்னாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.