மூணு சீசன் சுமந்த ஃப்ளோட் டியூப், வால்வு மேல தான் கோபம்

போன வாரம் தான் இந்த ஃப்ளோட் டியூபோட (காத்தடிச்சு, மேல உக்காந்து மிதந்துக்கிட்டே மீன் பிடிக்கிற மிதவை) வால்வை மாத்தினேன், அதே நேரம் பாத்து ஃப்ரெண்டு ஒருத்தர் "விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டாரு, அதான் எழுதுறேன்.

கலிஃபோர்னியா சியரா நெவாடா மலையில மஸ்கிட்டோ ஃப்ளாட்ல காரை விட்டுட்டு, லிட்டில் லேக்ஸ் வேலி வழியா சிக்கன்ஃபுட் ஏரி வரைக்கும் இதை முதுகுல தூக்கிட்டுப் போறேன். கார் நிக்கிற இடமே 10,200 அடி, அரைக் கிலோ கூடுனாலும் மூச்சு வாங்கும். டியூப் லேசு தான். ஆனா ஃபின்ஸ் (கால்ல மாட்டி உதைக்கிற துடுப்பு), வேடர்ஸ் (தண்ணி புகாத பேண்ட்), லைஃப் ஜாக்கெட் சேர்த்தா டியூபை விட கனம்.

அதைக் கூட பொறுத்துக்கலாம், வால்வு தான் முடியல. கரையில வெயில்ல உக்காந்து கல்லு மாதிரி ஊதிட்டு இறங்குனா கொஞ்ச நேரத்துல தொளதொளன்னு ஆயிடும். முதல் வருஷம் பூரா பஞ்சர்னு நெனச்சு, சைக்கிள் கடைல முக்குற மாதிரி பாத்டப்ல முக்கி முக்கிப் பாத்தேன், ஒரு குமிழி வரல. அப்புறம் தான் புரிஞ்சுது, பனி உருகுன தண்ணி பட்டதும் உள்ள இருக்குற சூடான காத்து குளிர்ந்து சுருங்குது. அதுக்கு யாரையும் திட்ட முடியாது. ஆனா வால்வை முதுகு சாயுற இடத்துக்குப் பின்னாடி வச்சது யாரு? ஏரி நடுவுல கை எட்டவே எட்டாது, இடுப்பு தண்ணிக்குள்ள இறங்க இறங்க ஃபின்ஸை உதைச்சு கரைக்குத் தான் வரணும், மதியக் காத்து எதிர்ல அடிச்சா கால் செத்துடும். இப்பல்லாம் ஊதினதும் தண்ணில கொஞ்சம் ஊற விட்டு, மறுபடி ஊதிட்டுத் தான் ஏறுறேன். கரைக்கு வந்ததும் காத்தை லேசா திறந்து விட்ருங்க, வெயில்ல விரிஞ்சு தையல் பிரிஞ்சுடும்.

ஆனா அந்தப் பச்சைத் தண்ணி சட்டுனு கருநீலமா மாறுற விளிம்பு இருக்கே, கரையில நின்னு தூண்டில் வீசுனா எட்டாது, அங்க சத்தமே இல்லாம மிதந்துட்டு இருக்கும்போது ப்ரூக் ட்ரவுட் மீன் ஒண்ணு கடிக்கும் பாருங்க. முதுகுல புழு ஊர்ந்த மாதிரி வரி, வயித்துத் துடுப்பு ஓரத்துல சுண்ணாம்பு இழுத்தாப்ல வெள்ளைக் கோடு. இந்த உயரத்து ஏரிகள்ல முதல்ல பெரும்பாலும் மீனே கிடையாது, இப்ப இருக்குறது மனுஷன் கொண்டு வந்து விட்டது, மலைத் தவளைங்க குறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு தெரிஞ்சதுலேர்ந்து ரெண்டு மூணு பிடிச்சா அங்கயே சுட்டுச் சாப்பிட எடுத்துக்கறேன்.

ஃப்ரெண்டுக்கு என் பதில், வாங்காதீங்க, வால்வு கைக்கு எட்டுற மாடலா பாருங்க. ஆனா ஜூலைல பனி விட்டதும் நான் இதைத் தான் தூக்கிட்டுப் போவேன்.