மியூஸ்கோரும் விசைப்பலகையும்: தங்கச்சிமடத்திலிருந்து ஆறாண்டு அனுபவம்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவுக்கு நான்கு குரல்களில் பாடல்களை ஸ்டாஃப் நோட்டேஷனில் (ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறை) எழுதிக் கொடுக்கும் பொறுப்பு 2019ஆம் ஆண்டு தவக்காலத்தில் என்னிடம் வந்தது. அதுவரை கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிப் பழகியிருந்த நான், இலவசமாகக் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மியூஸ்கோர் 3 என்ற இசை எழுதும் மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டேன். முதல் மூன்று மாதங்கள் மவுஸைக் கொண்டே ஒவ்வொரு நோட்டாகச் சொடுக்கி வைத்தேன். ஒரு பல்லவியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த அடியின் மெட்டு காதிலிருந்து நழுவிவிடும். திரும்ப முதலிலிருந்து பாடிப் பார்த்துத்தான் தொடர வேண்டியிருந்தது. விசைகளுக்கு மாறிய பிறகே அந்தச் சிரமம் தீர்ந்தது. எழுதும் வேகம் கூடியதைவிட, பாடிக்கொண்டே எழுத முடிகிறது என்பதையே இந்த ஆறாண்டுகளில் பெரிய பயனாகக் கருதுகிறேன்.

‘என்’ விசையை அழுத்தினால் நோட் எழுதும் நிலைக்குள் நுழைகிறோம். முதலில் கால அளவை எண்ணால் சொல்ல வேண்டும்: 5 என்றால் க்ராச்செட் (ஒரு எண்ணிக்கை என்று கொண்டால்), 4 என்றால் குவேவர் (அரை), 6 மினிம் (இரண்டு), 7 செமிபிரீவ் (நான்கு), 3 செமிகுவேவர் (கால்). அதன் பிறகு ஏ முதல் ஜி வரையிலான எழுத்தால் சுரத்தைச் சொல்ல வேண்டும். பூச்சியம் ரெஸ்ட், அதாவது ஒலியில்லாத இடைவெளி; புள்ளி விசை, நோட்டின் அளவைப் பாதி கூட்டும் பக்கத்துப் புள்ளி. இதைப் படிப்பவர்கள் தங்கள் விசைப்பலகையை ஒருமுறை பாருங்கள்: அந்த ஏழு எழுத்துகளும் இடது கையின் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. வலது ஓரத்தில் தனி எண்பலகை இருந்தால் எண்கள், பூச்சியம், புள்ளி எல்லாம் வலது கைக்கு வந்துவிடும். இதை உணர்ந்த நாளில்தான் மடிக்கணினியின் சிறிய விசைப்பலகையை விட்டுவிட்டு, எண்பலகை உள்ள யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை ராமநாதபுரத்தில் வாங்கினேன். உப்புக் காற்றில் விசைகள் சீக்கிரமே இறுகிப்போகும் எங்கள் ஊரில், தனியாகக் கழற்றித் துடைக்கவும் மாற்றவும் முடிந்த விசைப்பலகை வேறொரு வகையிலும் நல்லதுதான். இடது கை சுரத்தையும் வலது கை தாளத்தையும் பார்த்துக்கொள்கிற இந்தப் பங்கீடு, ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியையும் மறு கை கட்டைகளையும் கவனிப்பதைப் போல, இரண்டு வாரங்களில் உடம்பில் பதிந்துவிட்டது.

ச ரி க ம என்று கற்றவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு குழப்பம் வரும். எழுத்தை அழுத்தும்போது, முந்தைய நோட்டுக்கு மிக அருகில் இருக்கும் சுரத்தையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டைச் சுருதியில் ச என்பது சி என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து மேலே உள்ள பஞ்சமத்துக்குத் தாவ நினைத்து ஜி என்று அழுத்தும்போது, அது கீழ்ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் உட்காரும். கீழே இருப்பது நான்காம் சுரத் தூரம், மேலே இருப்பது ஐந்தாம் சுரத் தூரம் என்பதே காரணம். உடனே கண்ட்ரோலுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் நோட் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். நம் மெட்டுகளில் ச–ப தாவல் அடிக்கடி வருவதால், இந்த இரண்டு விசைகளையும் ஒரே அசைவாகவே என் விரல்கள் பழகிக்கொண்டன.

தவறு நேர்ந்தால் அழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டியதில்லை. நோட்டைத் தேர்ந்து மேல் அல்லது கீழ் அம்பை அழுத்தினால் அரை சுரம் ஏறும் அல்லது இறங்கும். சுருதிக்குப் புறம்பான சுரங்களை மேலே ஏற்றும்போது ஷார்ப்பாகவும் (அரை சுரம் ஏற்றும் குறி) கீழே இறக்கும்போது ஃபிளாட்டாகவும் (அரை சுரம் இறக்கும் குறி) அது எழுதும். ‘ஜே’ விசை, ஒலி மாறாமல் ஷார்ப்பை ஃபிளாட்டாகவோ ஃபிளாட்டை ஷார்ப்பாகவோ மாற்றி எழுதித் தரும். கால அளவைக் ‘க்யூ’ பாதியாக்கும், ‘டபிள்யூ’ இரட்டிப்பாக்கும். ஒரே தாளக்கட்டில் சுரம் மட்டும் மாறி வரும் சரணங்களுக்கு, கால அளவுகளை அப்படியே வைத்துச் சுரங்களை மட்டும் மாற்றும் தனி எழுதுமுறையும் உண்டு. கும்மி மெட்டில் அமைந்த பாடல் ஒன்றை அப்படித்தான் ஒரே மாலையில் முடித்தேன்.

எழுதியதை நான் மிகுதியாக இழந்தது, பெண்குரல்களில் கீழ்க்குரலான ஆல்டோவை எழுதும்போதுதான். மேல்குரலான சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஐந்து கோடுகளில் வரும்போது, முதல் குரலிலிருந்து இரண்டாம் குரலுக்குக் கண்ட்ரோல், ஆல்ட், 2 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி மாற வேண்டும். புதிதாக எழுதும் நோட், அந்த இடத்தில் அதே குரலில் இருப்பதை அழித்து எழுதப்படும் என்பதே இம்மென்பொருளின் இயல்பு. 2020இல் கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றில், குரலை மாற்ற மறந்து பதினாறு பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) ஆல்டோவைச் சோப்ரானோவின் மேலேயே எழுதிவிட்டேன். அதன் பின் நிறத்தைக் கவனிக்கும் பழக்கம் வந்தது: தேர்ந்த நோட் முதல் குரலில் நீலமாகவும் இரண்டாம் குரலில் பச்சையாகவும் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் எங்கள் குழுவுக்கு முக்கியமானது. விசைப்படகில் போகும் டெனர், பேஸ் என்ற ஆண்குரல்காரர்கள் அந்த 61 நாள்களும் கரையில் இருப்பார்கள். ஜூலை 25ஆம் நாள் சந்தியாகப்பர் திருவிழாவுக்கான பாடல்களை அப்போதே பழகத் தொடங்குகிறோம். பயிற்சியின் நடுவில், “தம்பி, ஒரு கட்டை இறக்குங்க, மேல எட்டல” என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முழுப் பாடலும் டி சுருதியிலிருந்து சி சுருதிக்கு வந்திருக்க வேண்டும். அனைத்தையும் தேர்ந்து அம்பை இரண்டு முறை அழுத்தினால் நோட்டுகள் இறங்குமே தவிர, தொடக்கத்தில் உள்ள சுருதிக் குறி மாறாது. ஆகவே இதற்கு மட்டும் சுருதி மாற்றும் கட்டளையை மெனுவிலிருந்தே எடுக்கிறேன்.

தமிழ்ப் பாடல்வரிகளை நோட்டின் கீழ் அமைப்பதில்தான் அதிகம் பொறுமை வேண்டும். கண்ட்ரோலும் ‘எல்’லும் அழுத்தி வரிகளைத் தொடங்கினால், ஸ்பேஸ் விசை அடுத்த நோட்டுக்கும், சிறுகோடு அதே சொல்லின் அடுத்த அசைக்கும் கொண்டுபோகும், ஒரே அசை பல நோட்டுகளில் நீளும் இடத்தில் அடிக்கோடு இட வேண்டும். ‘ஆண்டவரே’ என்பதை ஆண்-ட-வ-ரே என்று பிரிக்கிறேன். புள்ளி பெற்ற ‘ண்’ தனி நோட்டில் நிற்க இயலாததால் முன்னெழுத்தோடு சேர்ந்தே வரும். ஆங்கில ஒலிப்பில் தட்டி, ஸ்பேஸால் சொல்லை உறுதிசெய்யும் எழுதுமுறையைப் பயன்படுத்தியபோது, ஒரே விசைக்கு இரண்டு வேலைகள் வந்து அசைகள் இடம் மாறின. தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாறியதும் அது நின்றது. நீளமான வரிகளை முன்கூட்டியே சிறுகோடிட்டுப் பிரித்து வேறொரு கோப்பில் வைத்துக்கொண்டு, கண்ட்ரோலும் ‘வி’யும் அழுத்தி ஒவ்வோர் அசையாக ஒட்டுவது இன்னும் எளிது. வரிகள் முடிந்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்குத் திருப்பிய பிறகே சுரங்களுக்குத் திரும்புகிறேன்.

2022 டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்புக்கு மாறியபோது நான் பழகியிருந்த விசைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. தாலாட்டு மெட்டுகளில் வரும் குழைவை மட்டும் எந்த விசையாலும் என்னால் முழுமையாக எழுத முடியவில்லை. சாய்கோட்டு விசையால் ஒரு சிறு அலங்கார நோட்டை முன்னே வைத்துவிட்டு, அந்த இடத்தைப் பயிற்சியில் நானே பாடிக் காட்டுகிறேன்.