அமராவதி ஆற்றுக் காசு என்று ஒருவர் விற்கிறார், வாங்கிவிடாதீர்கள்

ரோமானியப் பேரரசர் டைபீரியஸின் வெள்ளிக்காசு என்று நம்பி 18,000 ரூபாயை இழந்திருக்கிறேன். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

"கரூர் அமராவதி ஆத்துல மணல் அள்ளும்போது கிடைச்சது சார்" என்றார். நம்பிவிட்டேன். கரூரிலும் கோவை வட்டாரத்திலும் ரோமானியக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. வெள்ளியில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான் அதிகம். கி.பி. 64 வாக்கில் நீரோ எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைப்பதற்கு முந்தைய நல்ல வெள்ளி அவை. எந்தப் பேரரசரைச் சொன்னால் நம்மூரில் எடுபடும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்.

ஒரு பக்கம் வாகை சூடிய தலை. மறுபக்கம் கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றிலும் 'பொன்டிஃப் மாக்ஸிம்' (தலைமைப் பூசாரி என்ற பட்டம்) என்ற எழுத்து. படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

கைக்கு வந்ததும் நகைக்கடைத் தராசில் வைத்தேன். 2.9 கிராம். தேயாத டைபீரியஸ் காசு 3.7 கிராம் பக்கத்தில் இருக்க வேண்டும். எடை குறைந்தாலே போலி என்று சொல்லமாட்டேன், செம்பின் மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசுகள் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் லென்ஸில் பார்த்தபோது எழுத்துகளுக்கு நடுவே ஊசி குத்தியதுபோல் குழிகள். எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, அதை அரத்தால் தேய்த்த தடம் வேறு. அந்தக் காலத்தில் முத்திரை வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்த காசில் இப்படிக் கோடு வராது. இது அச்சில் ஊற்றி வார்த்தது.

இரண்டு வாரம் கழித்து நண்பர் ஒருவர், அதே ஆள் தனக்குக் காட்டியதாக ஒரு காசின் படம் அனுப்பினார். கழுத்துக்குப் பின்னால் பிறை போல ஒரு தழும்பு. என் காசிலும் அதே இடத்தில் அதே தழும்பு! ஒரே முத்திரையில் ஆயிரம் காசு அடிக்கலாம், ஆனால் அடித்து முடித்த பிறகு அடிபட்டு விழும் தழும்பு இரண்டு காசில் ஒன்றுபோல இருக்கவே முடியாது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்றுதான் அர்த்தம்.

பணத்தைக் கேட்டேன். "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார். சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அவர் சொன்ன கதை உண்மையாகவே இருந்தாலும் நான் வாங்கியிருக்கக் கூடாது. மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பிறைத் தழும்போடு டைபீரியஸ் காசு எதையாவது யாராவது உங்களிடம் காட்டினால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். என் காசோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.