ஓகேஎச்டிடிபியின் நேர வரம்புகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கடைகளில் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கான ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதன் எல்லாக் கோரிக்கைகளும் ஸ்கொயர் நிறுவனம் உருவாக்கிய, இணையத் தொடர்பைக் கவனிக்கும் ஆயத்த நிரல்தொகுப்பான ஓகேஎச்டிடிபி (OkHttp) லைப்ரரி வழியாகவே சர்வருக்குச் செல்கின்றன. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் எந்த லைப்ரரியும் குறையின்றி இயங்கும்; கிடங்கின் உள்ளறையிலும் ஓடும் பேருந்திலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

இணைப்பு, வாசிப்பு (தரவைப் பெறுதல்), எழுத்து (தரவை அனுப்புதல்) ஆகிய மூன்றுக்கும் இந்த லைப்ரரி தலா 10 விநாடி டைம்அவுட்டை (காத்திருப்புக்கான நேர வரம்பை) இயல்பாகவே வைத்திருக்கிறது. இதைப் பார்ப்பவர், எந்தக் கோரிக்கையும் அதிகம் போனால் 30 விநாடிக்குள் முடிந்துவிடும் என்றே எண்ணுவார். ஆனால் வாசிப்பு டைம்அவுட் அளப்பது மொத்த நேரத்தை அல்ல, தரவு எதுவும் வராத இடைவெளியை மட்டுமே. ஒன்பது விநாடிக்கு ஒருமுறை சில பைட்டுகள் வந்துகொண்டிருந்தாலும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், ஒரு விலைப்பட்டியல் நிமிடக் கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும்; எந்த டைம்அவுட்டும் எழாது. இணைப்பு டைம்அவுட்டும் சர்வரின் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் (இணையத்தில் அதை அடையும் எண் முகவரிக்கும்) தனித்தனியானது. புதிய வகை முகவரியான ஐபிவி6 வழி பழுதான வலையமைப்பில் அந்த முயற்சி தோற்ற பிறகே லைப்ரரியின் பழைய பதிப்புகள் முந்தைய வகையான ஐபிவி4 முகவரிக்குச் செல்லும். ஐந்தாம் பதிப்பு 250 மில்லிவிநாடி இடைவெளியில் அடுத்த முகவரியையும் முயலத் தொடங்குவது உண்மையாகவே நல்ல முன்னேற்றம்.

முழுக் கோரிக்கைக்கும் எல்லை வகுப்பது 2018இல் 3.12 பதிப்புடன் வந்த கால் டைம்அவுட் (callTimeout). சர்வரின் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் தேடலில் தொடங்கி, பதிலின் கடைசி பைட் வரை, இடையில் நிகழும் மறுமுயற்சிகளையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. இதன் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம், அதாவது வரம்பே இல்லை என்பதுதான் இந்த லைப்ரரியின் மீது எனக்குள்ள பெரிய குறை. அதே வேளையில், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்தால், மெதுவாகவேனும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும் புகைப்படப் பதிவேற்றம் பாதியில் அறுபடும். ஆகவே ஏற்கெனவே உள்ள அமைப்பிலிருந்து புதியதை உருவாக்கும் நியூபில்டர் மூலம் பதிவேற்றத்துக்கென்று தனி கிளையன்ட் (கோரிக்கைகளை அனுப்பும் நிரல்பகுதி) ஒன்றை உருவாக்கி, அதற்குத் தாராளமான வரம்பை வைத்திருக்கிறேன்; இரண்டும் மறுபயன்பாட்டுக்காகத் திறந்தே வைத்திருக்கும் ஒரே இணைப்புத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்வதால் கூடுதல் சுமை இல்லை.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, டைம்அவுட் ஆன கோரிக்கை தோற்றுவிட்டது என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதே. ஆர்டர் சர்வரை அடைந்து, தரவுத்தளத்தில் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போனுக்குத் தெரிவதோ சாக்கெட் டைம்அவுட் எக்செப்ஷன் என்ற பிழை மட்டும்தான். தரவைப் படிக்க மட்டும் செய்யும் கெட் கோரிக்கையைத் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். புதிய ஆர்டரைப் பதிவுசெய்யும் போஸ்ட் கோரிக்கையை அப்படி அனுப்பினால் கடைக்காரருக்கு இரட்டைச் சரக்கு போய்ச் சேரும். இதற்காகச் ‘சேமி’ பொத்தானை அழுத்தும் கணத்திலேயே ஒரு யுயுஐடியை (வேறெதனுடனும் ஒத்துப்போகாத அடையாள எண்ணை) உருவாக்கி, ஆர்டருடன் போனிலுள்ள ரூம் தரவுத்தளத்தில் எழுதிவைத்து, எத்தனை முறை அனுப்பினாலும் அதே அடையாளத்தையே அனுப்புகிறோம். சர்வர் அந்த நெடுவரிசையில் யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை பதிவாவதைத் தடுக்கும் கட்டுப்பாடு) வைத்திருப்பதால், இரண்டாம் முறை வரும் ஆர்டருக்குப் புதிய பதிவு உண்டாகாமல் பழைய பதிலே திரும்புகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய யுயுஐடியை உருவாக்கினால் இந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகும்.

மறுமுயற்சியைப் பின்னணி வேலைகளை நடத்தும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அதன் இயல்பான காத்திருப்பு 30 விநாடியில் தொடங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகி, அதிகபட்சம் 5 மணி நேரம் வரை நீளும். அதுவரை திரையில் ‘பிழை’ என்று காட்டுவதில்லை. ‘ஆர்டர் போனில் சேமிக்கப்பட்டுள்ளது, சர்வரின் உறுதி இன்னும் வரவில்லை’ என்றே காட்டுகிறோம். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தும் வழக்கம் இந்த ஒரு வாக்கியத்தால் பெருமளவு குறைந்தது.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது, பல கோரிக்கைகளைச் சுமக்கும் எச்டிடிபி 2 இணைப்பு செத்துப்போயும் தொகுப்பிலேயே கிடந்து அடுத்த கோரிக்கையையும் காக்கவைப்பது இன்னொரு தொல்லை. இணைப்பு உயிருடன் உள்ளதா என்று அவ்வப்போது சோதிக்கும் பிங் இன்டர்வல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கினால் செத்த இணைப்பு விரைவில் கண்டறியப்படும், ஆனால் பேட்டரி கூடுதலாகச் செலவாகும். நாள் முழுவதும் வெளியில் அலையும் பிரதிநிதிகளின் போன்களை எண்ணி, இடைவெளியைச் சற்றுப் பெரிதாகவே வைத்திருக்கிறேன்.