பிரையன்ட் பூங்கா, நியூயார்க்: நம்பிக்கையோடு நடத்தப்படும் பூங்கா

42ஆம் தெருவிலுள்ள இந்தப் பூங்காவை நடத்துவது, சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்களின் கட்டணத்தையும் சொந்த வருமானத்தையும் கொண்டு இயங்கும் தனியார் அமைப்பு, தொடக்கம் 1980. எழுபதுகளில் போதைமருந்து விற்பனை இங்கே மலிந்ததில் வடிவமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. தெருமட்டத்துக்கு மேலே பூங்கா, சுற்றிலும் உயரமான புதர்வேலி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வேலியை அகற்றி, வாசல்களை அகலப்படுத்தி, நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992இல் மீண்டும் திறந்தார்கள். வெயிலோ நிழலோ, வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், சங்கிலி கிடையாது. இதுதான் இந்த நிர்வாகத்தின் மிகச் சிறந்த முடிவு!

பணியாளர் கவனிக்கும் கழிப்பறையில் புதுப் பூக்கள்கூட உண்டு, அதுவும் இலவசமாக.

குறை குளிர்காலத்தில்தான். பனிச்சறுக்குத் தளமும் கடைகளும் வருமானம் தரும், சரி. ஆனால் சும்மா உட்கார வருபவர்களுக்கு இடம் சுருங்கிவிடுகிறது. மற்ற மாதங்களில், வேலைநாள் என்றால் மதிய உணவு நேரத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.