சென்னை – யாழ்ப்பாணம்: பலாலிக்கு நேராகவா, கட்டுநாயக்க வழியாகவா?

சென்னையின் மீனம்பாக்கமும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 355 கி.மீ. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையமும் அதே தெற்குத் திசைதான், ஆனால் சுமார் 640 கி.மீ. அங்கே இறங்குகிறவர் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்விட்டு, மறுபடி வடக்கே 350 கி.மீ.க்கு மேல் சாலையில் வரவேண்டும்.

ஆனால் விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம், கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள். தூரம் ஏறக்குறைய பாதிதானே என்றால், பலாலிக்குப் போவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம். மணிக்கு 500 கி.மீ. போனாலே அதிகம். கொழும்புக்குப் பறக்கும் ஜெட் 800-ஐத் தாண்டும். பலாலி ஓடுபாதை குட்டையானது, ஏடிஆருக்குத்தான் அது தோது.

இன்னொன்று, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, மறுபடி நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. திருச்சியிலிருந்து பலாலி வெறும் 185 கி.மீ. தான். 2025-இல் தொடங்கிய அந்தச் சேவைக்கும் அட்டவணையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்!

சரி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் 16 கி.மீ. தான். விமான நிலையத்தில் காத்திருப்பது, குடிவரவுச் சோதனை எல்லாம் சேர்த்தும் ஐந்தாறு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கட்டுநாயக்க வழி என்றால் விமானத்துக்கு அப்புறம்தான் பயணமே ஆரம்பம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வேனில் ஆறேழு மணி நேரம். ரயில்தான் வேண்டும் என்றால் முதலில் எதிர்த்திசையில் கொழும்புக் கோட்டைக்குப் போகவேண்டும். ஒரு பகல் முழுசாகப் போய்விடும். யாழ்ப்பாணம் மட்டும் போகிறவருக்கு என் ஓட்டு பலாலிக்குத்தான்.

ஆனாலும் கொழும்பு வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அங்கே விமானங்கள் அதிகம், இரவிலும் உண்டு. ஒன்று ரத்தானால் அடுத்ததைப் பிடிக்கலாம். பலாலியில் அன்றைய விமானம் ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, நான்கு மணி நேரம் போல ஆகும். டெல்டா மாவட்டக்காரர்களுக்கு நல்ல வழி, மழைக்காலத்தில் மட்டும் நம்பக்கூடாது. சென்னைக்காரர் அதற்காக நாகை வரை போவதில் அர்த்தமில்லை.

கொழும்பிலும் வேலை இருந்தால், போகும்போது கட்டுநாயக்க, திரும்பும்போது பலாலி என்று தனித்தனியாக டிக்கெட் போட்டுக்கொள்ளலாம். வந்த வழியே ஆறேழு மணி நேரம் திரும்பி ஓடும் வேலை மிச்சம்.